நீர்புகா இல்லம், எண் நூறு

தாராவியின் அந்தச் சந்தில் வானமாமலை வீட்டுக்குள் போக வேண்டுமானால் நான்கு படி கீழே இறங்க வேண்டும். அவர் அந்த வீட்டை வாங்கிய காலத்தில் இரண்டு படி மேலே ஏற வேண்டியிருந்தது. இடையில் ஓடிய இருபத்தாறு வருடங்களில் வீடு இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. சாலையைத்தான் மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதிதாகப் போட்டார்கள். பழையதைச் சுரண்டி எடுத்தால் நேரமாகும் என்பதால் அதன் மேலேயே போட்டார்கள். சாலை இப்படிச் சாண் சாணாக வளர, பம்பாய் மழை கடலுக்குப் போகிற வழியில் வானமாமலை வீட்டையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகப் பழகிக்கொண்டது.

எட்டிப் பார்த்துவிட்டுப் போனால் பரவாயில்லை. உட்கார்ந்துகொண்டது. வாசல் வழியாக வருவது ஒரு பங்கு என்றால், கழிவுக் குழாய் வழியாகக் கட்டர் என்று பம்பாயில் சொல்லும் சாக்கடைத் தண்ணீர் திரும்பி வருவது இரண்டு பங்கு. போதாததற்கு நான்கு சுவர்களும் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஊறும்.

வானமாமலை நாங்குநேரிப் பக்கத்திலிருந்து பதினேழு வயதில் வந்தவர். மாட்டுங்கா மார்க்கெட்டில் வாழையிலை வியாபாரம். தண்ணீரைப் பற்றி அவருக்குத் தனிப்பட்ட குறை எதுவும் இருக்கவில்லை, மனைவி சங்கரேஸ்வரியின் முழங்கால் உடையும் வரை. சயான் ஸ்டேஷன் படிக்கட்டில் விழுந்து காலுக்குள் கம்பி வைத்தபிறகு அந்த அம்மாளால் மேல் அறைக்குப் போகும் இரும்பு ஏணியில் ஏற முடியவில்லை. கீழ் அறைதான் இனி அவருக்குக் கதி. போன ஜூலையில் கட்டில் சட்டம் வரை தண்ணீர் ஏறியபோது அக்கம்பக்கத்து ஆட்கள் நாலு பேர் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, புடவையால் நாற்காலியோடு கட்டி, மேலே இழுத்தார்கள். பாதி ஏணியில் நாற்காலியின் கால் ஒன்று முறிந்தது. சங்கரேஸ்வரி அப்போது கத்தவில்லை. மறுநாள் துணி பிழிந்துகொண்டே சொன்னார்:

"அடுத்த மழைக்கு என்னைய இப்படித் தூக்கதா இருந்தா, தூக்க வேண்டாம். கட்டில்லயே கிடந்துக்கிடுதேன்."

அன்றிலிருந்து வானமாமலைக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. இலைக் கட்டைப் பிரிக்கும்போதும் வானத்தைப் பார்த்தார். ஜனவரி வானத்தில் பார்க்க ஒன்றுமில்லை. ஆனாலும் பார்த்தார்.

கொத்தனார் முகைதீன் வந்து அறையைச் சுற்றி வந்தார். மேலப்பாளையத்துக்காரர், சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தே நோயைச் சொல்லக்கூடியவர். அறையின் பள்ளமான மூலையில் மூன்றடிக்கு மூன்றடி குழி எடுத்து, தண்ணீருக்குள் முங்கிக் கிடந்து ஓடுகிற பம்பு ஒன்றை இறக்க வேண்டும். சுவர்க்காலைச் சுற்றி வாய்க்கால் இழுத்து ஊறுகிற தண்ணீரைக் குழிக்குக் கொண்டுவர வேண்டும். கழிவுக் குழாயில் தண்ணீர் ஒரே திசையில் மட்டும் போகிற மாதிரி மூடி போட வேண்டும். சுவருக்கு மருந்துப் பூச்சு, வாசலுக்கு உயரமான தடுப்பு. "ஆறு நா வேலை அண்ணாச்சி," என்றார் முகைதீன். "ஆனா கடப்பாறையத் தூக்க எனக்குப் பயமா இருக்கு."

பயத்துக்குக் காரணம் இருந்தது. நாலு வீடு தள்ளி ஒருவர் அப்படிக் குழி தோண்டினார். தாழ்தள நீர்க்காப்பு வாரியத்திலிருந்து ஜீப் வந்தது. அனுமதியில்லாமல் பேஸ்மென்ட் உண்டாக்கினார் என்று குழியைக் காங்கிரீட் போட்டு மூடி, வீட்டையும் நாற்பது நாள் பூட்டி முத்திரை வைத்துவிட்டுப் போனார்கள். வீடுகளுக்குள் தண்ணீர் வராமல் பார்த்துக்கொள்வதற்கென்றே ஏற்பட்டது அந்த வாரியம். அதன் அலுவலகம் செம்பூரில், ஐந்தாம் மாடியில் இருந்தது.

பிப்ரவரி முதல் வாரம் வானமாமலை ஐந்தாம் மாடிக்குப் போனார். மனு வாங்கும் இடத்தில் சாதனா என்ற பெண் இருந்தாள். நல்ல பெண், சிடுசிடுப்பில்லை. வீடு தரைத்தளமா தாழ்தளமா என்று இந்தியில் கேட்டாள். நாலு படி இறங்க வேண்டும் என்றார் இவர். பத்திரத்தில் தரைத்தளம் என்று இருக்கிறதே, வாரியம் தாழ்தளங்களுக்கு மட்டும்தானே என்றாள் அவள். அப்படியானால் தாழ்தளம் என்றே எழுதிக்கொள்ளம்மா என்றார். எழுதலாம், ஆனால் தாழ்தளத்தில் மனிதர் குடியிருப்பது குற்றம், உடனே காலி செய்ய வேண்டியிருக்கும் என்று அவள் பொறுமையாக விளக்கினாள். தரைத்தளம் என்றால் தண்ணீரைத் தடுக்க அனுமதி கிடையாது. தாழ்தளம் என்றால் அனுமதி உண்டு, வீடு கிடையாது.

வானமாமலையின் முகத்தைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது. அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஏழாம் நம்பர் படிவத்தைத் தேடி எடுத்தாள். 'தாழ்ந்துபோன தரைத்தளம்' என்று ஒரு வகை உண்டாம். இதுவரை யாரும் கேட்டதில்லையாம். சாலை உயர்ந்ததால்தான் வீடு தாழ்ந்தது என்று சாலை அலுவலகத்தில் எழுதி வாங்கி வந்தால் போதும்.

சாலை அலுவலகத்தின் பொறியாளரைப் பார்க்க மூன்று வாரம் பிடித்தது. சாலை உயர்ந்தது என்ற சொல்லைக் கேட்டதும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சாலை உயர்வதில்லை, மேம்படுகிறது என்று திருத்தினார். இத்தனை வருடமாக மேம்படுத்தியும் பதிவேட்டின்படி அது தொடங்கிய மட்டத்திலேயே இருப்பதை விரல் வைத்துக் காட்டினார். அப்படியானால் நாலு படி எப்படி வந்தது என்று வானமாமலை கேட்டார். வீடு இறங்கியிருக்கும் என்று சொன்ன பொறியாளர், கேட்டதற்காக அதையே கையெழுத்துப் போட்டும் கொடுத்தார்: சாலை அசையவில்லை, முன்பு ஏறிய இரண்டையும் இப்போது இறங்கும் நாலையும் சேர்த்து வீடு ஆறு படி கீழிறங்கியிருக்கலாம்.

காரியம் கெட்டது என்று நினைத்துக்கொண்டே வானமாமலை அந்தக் காகிதத்தைச் செம்பூருக்குக் கொண்டுபோனார். சாதனாவுக்கோ அதைப் படித்ததும் சந்தோஷம். தானாகவே கீழிறங்கிய வீடு என்றால் தாழ்ந்துபோன தரைத்தளம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? முத்திரை குத்தி, அடுத்த படிக்கு அனுப்பினாள்.

அடுத்த படி, 'நீரோடு நட்பு' விழிப்புணர்வு முகாம். அதில் உட்கார்ந்து எழுந்த சான்றிதழ் இல்லாமல் மனு நகராது. குளிர்சாதன மண்டபத்தில் இரண்டரை மணி நேரம். பேச வந்த நிபுணர் வெளிநாட்டு வீடுகளின் பேஸ்மென்ட் படங்களைத் திரையில் காட்டினார். அவற்றில் சோபாவும் சினிமாத் திரையும் இருந்தன. வெள்ளத்துக்கு மிகச் சிறந்த பரிகாரம் மேட்டு நிலத்தில் வீடு வாங்குவதே என்று புள்ளிவிவரத்தோடு நிறுவினார். பிறகு எல்லாரும் கண்ணை மூடி, தங்கள் வீட்டை ஈரமில்லாததாக மனதில் காணும்படி கேட்டுக்கொண்டார். வானமாமலையும் மூடினார். முறிந்த நாற்காலிக் கால்தான் வந்தது. கண்ணைத் திறந்தால் மார்ச் மாதம் முடிந்திருந்தது.

ஏப்ரலில் நேரடி ஆய்வுக்குத் துணை இயக்குநரே வந்தார். பெயர் ஆதித்யன். மூன்று தலைமுறையாக மாட்டுங்காவில் இருக்கும் குடும்பம், முப்பத்தைந்து வயதிருக்கும், தமிழ் பேசுவார், எழுத்து வராது. தமிழ் அதிகாரி என்றதும் வானமாமலைக்குப் பாதி பாரம் இறங்கின மாதிரி இருந்தது. தண்ணீர் எங்கே என்று கேட்டார் ஆதித்யன். ஏப்ரலில் தண்ணீர் எப்படி இருக்கும், ஜூனில் வரும் என்றார் இவர். அதிகாரி கண்ணால் காணாத தண்ணீரைக் குறிப்பில் ஏற்ற விதியில்லை, ஜூனில் வந்து பார்க்கலாம் என்றால் மழைக்காலத்தில் மண் தோண்ட யாருக்கும் அனுமதியில்லை என்று ஆதித்யன் சொன்னார்.

வானமாமலை தெருவுக்கு ஓடினார். சந்தில் இருந்தவர்கள் விஷயத்தைக் கேட்டு, அவரவர் வீட்டு டிரம்மிலிருந்து மொண்டு வந்து வாசலில் ஊற்றினார்கள். அந்த வாரம் குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர். இருந்தும் பதினெட்டு வாளி வந்தது. தண்ணீர் நாலு படியும் இறங்கி, அறைக்குள் பரவி, வழக்கமான மூலைக்குப் போய் நின்றது. சுவர்கூட ஈரத்தை உறிஞ்சி ஒத்துழைத்தது. ஆதித்யன் குனிந்து, பையிலிருந்து ஒரு காகிதப் பட்டையை எடுத்து அதில் நனைத்தார். பட்டை நிறம் மாறியது.

"இதுல குளோரின் இருக்கு. இது குடிதண்ணீர்," என்றார். "மழைத் தண்ணீர் இருக்கான்னுதான் நான் பார்க்க வந்திருக்கேன். அது ஒரு சொட்டுகூட இல்லையே."

பத்து நாளில் வாரியத்திலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. முதலாவது, கோடைக்காலத்தில் குடிநீரை வீணாக்கியதற்கு எச்சரிக்கை. இரண்டாவது ஆங்கிலத்திலும் மராட்டியிலும் தங்க நிற ஓரம் போட்டு இருந்தது. சங்கரேஸ்வரி தாராவியில் பிறந்து மராட்டிப் பள்ளியில் பத்தாவது வரை படித்தவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். நேரடி ஆய்வில் மழைநீர் துளியும் காணப்படாத காரணத்தால், அவர்களுடைய வீடு 'நீர்புகா முன்மாதிரி இல்லம், எண் நூறு' என்று அறிவிக்கப்பட்டிருந்தது.

வானமாமலை செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் செம்பூருக்குப் போனார். ஆதித்யன் உட்காரச் சொல்லித் தேநீர் வரவழைத்தார். வாரியத்துக்கு இந்த வருட இலக்கு நூறு நீர்புகா இல்லங்கள் என்றும், தொண்ணூற்றொன்பது ஏற்கெனவே தயாராகிவிட்டன என்றும் மனம்விட்டுச் சொன்னார். அவற்றில் எழுபத்தொன்று நான்காம் மாடிக்கு மேலே இருந்தன. அங்கெல்லாம் தண்ணீர் புகவில்லை என்பதை வாரியம் நேரில் போய் உறுதி செய்திருந்தது. தாராவியில் ஒன்றுகூட இல்லையே என்று தலைவர் வருத்தப்பட்ட நேரத்தில்தான் இந்த மனு வந்ததாம்.

"சார், ஜூன்ல தண்ணி வரும். எம் பொண்டாட்டியால ஏணியில ஏற முடியாது. நாந் தோண்டுததுக்குத்தான் கேட்டேன்."

"வரும்னு நீங்க சொல்றேள். வரலைன்னு ரெக்கார்ட் சொல்றது. வராத தண்ணிக்குக் குழி தோண்ட நான் எப்படி பர்மிஷன் தர முடியும், நீங்களே சொல்லுங்கோ."

வானமாமலை தேநீரைக் குடிக்காமலே எழுந்து வந்தார். மறுநாள் கறுப்புக் கிரானைட் கல் ஒன்று டெம்போவில் வந்து வாசலில் இறங்கியது. நாலடி உயரம். வாரியத்தின் முத்திரையும், தலைவர் பெயரும், அதற்குக் கீழே ஆதித்யன் பெயரும், கடைசியில் 'நூறு' என்ற எண்ணும் பொறித்திருந்தன. வானமாமலைக்கு வந்த கோபத்தில் முகைதீனைக் கூப்பிட்டு, இதை உடைத்துக் கட்டரில் போடும் என்றார். முகைதீன் கல்லைத் தடவிப் பார்த்து, உடைக்க மனம் வராமல் நின்றார்.

சங்கரேஸ்வரி கல்லோடு வந்த காகிதங்களைக் கட்டிலில் பரப்பிவைத்துப் படித்துக்கொண்டிருந்தார். எட்டுப் பக்கம். ஐந்தாம் பக்கம் வந்ததும் இரண்டு பேரையும் சத்தம் போடாமல் இருக்கச் சொன்னார். பிறகு வரிவரியாகத் தமிழில் சொன்னார். கல்லை வீட்டுக்குள், எல்லாவற்றிலும் தாழ்வான மூலையில் நிறுத்த வேண்டும், வறட்சிக்கு அதுவே சாட்சி. நிறுத்துவதற்காக மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழத்தில் குழி எடுக்க இதன்மூலம் அனுமதி வழங்கப்படுகிறது. கல் வாரியத்தின் சொத்து. அது நனைந்தால் வீட்டுக்காரர் தண்டனைக்கு உரியவர். ஆகவே கல் நனையாதிருக்கத் தேவையான சகல ஏற்பாடுகளையும் வீட்டுக்காரர் தம் பொறுப்பில் செய்துகொள்ளக் கடமைப்பட்டவர்.

சங்கரேஸ்வரி கண்ணாடியைக் கழற்றினார்.

"மனுசி நனையாம இருக்கக் குழி தோண்டக் கூடாது," என்றார் சங்கரேஸ்வரி. "கல்லு நனையாம இருக்கத் தோண்டலாம். தோண்டலைன்னா ஜெயிலு. பாய், கடப்பாறை எங்க வச்சிருக்கிய?"

முகைதீன் அன்று மத்தியானமே கொண்டுவந்தார். குழி எடுத்து, உள்ளே செங்கல் கட்டிப் பூசி, பம்பை இறக்கினார். குழிக்கு இரும்புச் சட்டம் போட்டு, கல்லை அதன்மேல் ஓர் ஓரமாக நிறுத்தி, மறு ஓரத்தில் திறந்து மூடும் பலகை வைத்தார். வாய்க்கால், மூடி, பூச்சு, தடுப்பு எல்லாம் ஆறு நாளில் முடிந்தன. ஏழாம் நாள், கரண்டு போனால் என்ன செய்வது என்று யோசித்து, பழைய சாமான் உடைக்கும் சந்திலிருந்து இன்வெர்ட்டரும் பேட்டரியும் வாங்கி வந்து மாடிப்படி ஏணியில் உயரக் கட்டிவைத்தார். வாரியத்தின் ஜீப் ஒருமுறை வந்தது. இறங்கியவர்கள் கல்லைப் பார்த்து வணங்காத குறையாகத் திரும்பிப் போனார்கள்.

மே கடைசியில் திறப்பு விழா. வாரியத் தலைவர் நாலு படி இறங்கி வந்தார், மாலையோடு. அறைக்குள் ஆறு பேருக்கு மேல் நிற்க இடமில்லாததால் விழா சந்தில் நடந்தது. தலைவர் இந்தியில் பேசினார். இந்த வீட்டில் வாரியம் ஒரு செங்கல்லைக்கூடத் தொடவில்லை, ஒரு கரண்டி சிமென்ட்டுகூடத் தரவில்லை, அப்படியிருந்தும் இங்கே தண்ணீர் இல்லை, நிர்வாகம் என்பது இதுதான் என்றார். தாம் பதவிக்கு வந்த நாள் முதலாக வாரியம் எதையும் செய்யாமலே இலக்கை அடைந்துவிட்டது என்றும் உணர்ச்சியோடு சொன்னார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. சுவரிலிருந்து தெருவுக்குப் போகும் தடித்த குழாய் எதற்கு என்று ஆதித்யன் மெல்லக் கேட்டபோது, "கல்லுக்கு" என்று சங்கரேஸ்வரி பதில் சொன்னார். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஜூலை இரண்டாம் வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை மழை பிடித்துக்கொண்டது. பத்து மணிக்கு லோக்கல் ரயில் நின்றது. வானமாமலை மார்க்கெட்டில் இலைக்கட்டைப் போட்டது போட்டபடி விட்டு நடந்தார். கிங்ஸ் சர்க்கிளில் இடுப்பளவு. பஸ்கள் கதவு வரை மூழ்கி நின்றன. போன் போட்டால் போகவில்லை. மூடி பிடித்திருக்குமா, பம்பு ஓடுமா, முகைதீன் பூசியது தாங்குமா என்று ஒவ்வொன்றாக நினைத்து, ஒவ்வொன்றும் கெட்டுப்போனதாகவே கண்டுகொண்டு நடந்தார். கட்டில்லயே கிடந்துக்கிடுதேன் என்ற குரல் கூடவே வந்தது.

சந்தில் முழங்கால் தண்ணீர். வாசல் தடுப்பின் வெளிப்பக்கத்தில் அலை அடித்துக்கொண்டிருந்தது. சுவரிலிருந்த குழாய் தண்ணீரைத் தெருவுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது. தடுப்பைத் தாண்டி உள்ளே இறங்கினால், தரை காய்ந்திருந்தது. சங்கரேஸ்வரி கட்டிலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரே முக்காலியில், பேன்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டுக்கொண்டு ஆதித்யன் இருந்தார். வெள்ளத்தில் நூறாவது இல்லத்தின் நிலையைப் படம் எடுத்து அனுப்பும்படி தலைவர் உத்தரவு போட்டிருந்தார். வந்தவருக்குத் திரும்பிப் போக வழியில்லை.

வானமாமலை மூச்சு வாங்கி முடிப்பதற்குள் கரண்டை நிறுத்திவிட்டார்கள். பம்பின் சத்தம் அடங்கியது. குழிப் பலகையின் இடுக்கிலிருந்து தண்ணீர் கசிந்து கல்லின் அடியைத் தொட்டது. வானமாமலை ஏணிக்குத் தாவி இன்வெர்ட்டரைப் போட்டார். பம்பு ஒரு முனகல் முனகி நின்றது. பேட்டரியில் மாட்டிய கிளிப் லொடலொடவென்று ஆடியது. கையால் அழுத்தினால் ஓடியது, விட்டால் நின்றது. அதற்குள் வாசலில் தடுப்பின் ஓரம் பெயரத் தொடங்கியிருந்தது. அவருக்கு இருப்பது இரண்டு கை.

"சார், கொஞ்சம் இதப் பிடிக்கேளா," என்றார்.

ஆதித்யன் துணை இயக்குநராகி ஆறு வருடம். ஏணியின் மூன்றாம் படியில் நின்று அவர் அந்தக் கிளிப்பைப் பிடித்துக்கொண்டார். ஒன்றே கால் மணி நேரம் பிடித்தார். கை மாற்றும்போதெல்லாம் பம்பு இருமும். சங்கரேஸ்வரி கட்டிலிலிருந்து, "விட்டுராதீக தம்பி" என்பார். கீழே வானமாமலை கோணிக்குள் மண்ணை நிரப்பித் தடுப்பில் அணை கொடுத்தார். மழை தணிந்து, கடல் இறங்கி, சந்தில் தண்ணீர் கணுக்காலுக்கு வந்தபிறகுதான் ஆதித்யன் இறங்கினார். சங்கரேஸ்வரி கட்டிலிலிருந்தபடியே பிளாஸ்கிலிருந்து ஊற்றிக் கொடுத்த தேநீரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். அப்புறம் போனை எடுத்துத் தலைவருக்குப் பேசினார். நூறாவது இல்லம் முழுக்க வறண்டிருக்கிறது, கல் நன்றாக வேலை செய்கிறது என்று சொன்னார்.

வானமாமலை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "கல்லா சார்?" என்று மட்டும் கேட்டார்.

ஆதித்யன் கொஞ்சம் வெட்கத்தோடுதான் சொன்னார். "பம்புன்னு சொன்னா, பம்புக்கு யார் பர்மிஷன் குடுத்தான்னு கேப்பா. என்னைத்தான் கேப்பா. கல்லுன்னு சொன்னா ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டா. இன்னும் நூறு கல் வேணும்னா கேளுங்கோ, உடனே சாங்ஷன் பண்றேன்."

அவர் சொல்லுக்குப் பழுதில்லை. தலைவர் அடுத்த வாரமே, கல் நட்ட வீட்டுக்குள் தண்ணீர் வருவதில்லை என்பது களத்தில் நிரூபணமாகிவிட்டதாக அறிவித்தார். சந்தில் அத்தனை பேரும் செம்பூர் ஐந்தாம் மாடியில் வரிசையில் நின்றார்கள். கல் வேண்டியதன் காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டவர்களுக்கு, 'மரியாதை' என்று எழுதச் சொல்லிக் கொடுத்தாள் சாதனா. முகைதீன் இன்னும் இரண்டு கொத்தனார்களைச் சேர்த்துக்கொண்டார். மழைக்காலத்தில் மண் தோண்டக் கூடாது என்ற விதி மனிதர்களுக்குத்தான், கல்லுக்கு அது பொருந்தாது என்று ஆதித்யன் குறிப்பெழுதிக் கொடுத்திருந்தார். நாலு வீடு தள்ளி, முன்பு காங்கிரீட் போட்டு மூடிய குழியை வாரியத்தின் ஆட்களே வந்து உடைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

வானமாமலைக்கு மட்டும் இன்னும் இருப்புக்கொள்ளவில்லை. ஆகஸ்டில் வானம் ஒரு முறை இருட்டினால் மூன்று முறை எழுந்துபோய்க் கல்லின்மேல் கையை வைத்துப் பார்த்தார். அடியில் பம்பு ஓடுகிற அதிர்வு உள்ளங்கையில் தெரியும். தெரிந்தாலும் கையை எடுக்க மாட்டார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், சங்கரேஸ்வரி காலைத் தரையில் ஊன்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு தாமாகவே அடுப்பு வரை நடந்தார். தரை காய்ந்திருந்தது. உலை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"வந்து உக்காருங்க," என்றார். "கல்லு வேலை பாக்கு."